லைனிங்கை யார் பார்க்கப் போகிறார்கள்?

கனகராஜின் சட்டைப் பையில் காய்ச்சல் சொட்டு மருந்து பாட்டில் இருந்தது. ஆரஞ்சு வாசனை. மூடி சரியாக இறுகாததால் பையின் அடியில் வட்டமாக ஈரம் படர்ந்திருந்தது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஈரத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தான். உள்ளே அவன் மகளுக்கு மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள். மகளுக்கு நெஞ்சுச் சளி இருப்பது கொடுக்கப் போகிறவர்களுக்குத் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டவன் அவன்தான்.

மறைப்பது அவனுக்குப் புதிதில்லை. மாதச் சம்பளமே அதற்குத்தான் வாங்குகிறான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கனகராஜ் டச்-அப் ஆள். மாடு உயிரோடு இருந்த காலத்தில் முள்ளில் கிழித்துக்கொண்ட கோடு, உண்ணி கடித்த குழி, கயிறு அறுத்த வடு எல்லாம் தோலில் தங்கிவிடும். பதப்படுத்தி, சாயம் ஏற்றி, ஷூவாகத் தைத்த பிறகும் லேசாக எட்டிப் பார்க்கும். மாட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கனகராஜ். விரல் நுனியில் துணியைச் சுற்றி, மெழுகில் ஒரு தொடு, கலர் க்ரீமில் ஒரு தொடு, வடுவின் மேல் ஒரு தடவு. மாட்டின் வாழ்க்கை வரலாறு அதோடு முடிந்தது. ஷூ பளபளவென்று கப்பலேறும். மழையில் நனைந்து வடு வெளியே வந்தால், அது வாங்கின வெள்ளைக்காரன் தலையெழுத்து.

அவன் மூடியதை யாரும் கண்டுபிடித்ததில்லை, ஒருத்தியைத் தவிர. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பெண் விஜயகுமாரி, அதே கம்பெனியில் செக்கர். குறை கண்ட இடத்தில் குட்டியாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. அவன் மூடி அனுப்பிய ஜோடிகள் அம்போடு திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு, எப்படித்தான் தெரிகிறது என்று கேட்கப் போனான். கேட்கப் போனவன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஆம்பூரில் காதலுக்கு இது போதும். கல்யாணத்துக்கு மட்டும் போதவில்லை. கனகராஜின் அக்கா தனபாக்கியம் மூன்று மாதம் பேசாமல் இருந்து, நான்காம் மாதம் பேசினார். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை.

அவர்களுக்குப் பிறந்தவள் தமிழினி. மேலுதடு இடப்பக்கம் மூக்குத் துவாரம் வரைக்கும் பிளந்திருந்தது. வாயைத் திறந்து பார்த்தால் அண்ணத்திலும் பிளவு. வாய் கீழ்வீடு, மூக்கு மாடிவீடு என்றால், நடுவில் தளம் போட மறந்துவிட்டார்கள்.

தனபாக்கியம் நாட்றம்பள்ளியிலிருந்து பஸ் பிடித்து வந்து, குழந்தையைப் பார்த்து, அங்கேயே தீர்ப்பை எழுதினார்.

"கிரகணத்தன்னைக்கு வேலக்கிப் போவாதம்மான்னு தலபாடா அடிச்சிக்கினேன். கேட்டாளா? ஷூவுல நூலு வெட்டறேன்னு கத்திரிய எடுத்துக்கினு போனா. இப்ப இன்னா ஆச்சு? புள்ள வாய வெட்டிக்கினு வந்து நிக்குது."

விஜயகுமாரி சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பக்கத்தில் ஊசி எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ்தான் கேட்டார்.

"கிரகணம் எத்தனாவது மாசத்துல வந்துச்சும்மா?"

"ஏழாவது" என்றார் தனபாக்கியம்.

"உதடு ரெண்டாவது மாசத்துக்குள்ளயே கூடிடும். அண்ணம் மூணாவது மாசம் முடியறதுக்குள்ள. அப்ப கூட வேண்டியது கூடல. ஏழாவது மாசம் யார் எதை வெட்டினாலும் அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்ப எதனால வந்துச்சு?" என்றான் கனகராஜ்.

"நெறைய பேருக்கு இதுதான் காரணம்னு சொல்லவே முடியாது. பரம்பரை கொஞ்சம் இருக்கலாம், கர்ப்பத்துல சத்துக் கொறவு, புகை, சில மாத்திரைங்க, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சேந்திருக்கலாம். யாரும் பண்ண தப்பு இல்லைங்க. தைச்சு சரி பண்ணிடலாம், அத மட்டும் யோசிங்க."

கனகராஜுக்குக் கணக்கு புரிந்துவிட்டது. அக்காவிடம் தன் பாஷையில் சொன்னான். "சரக்கு பேக்கிங் ஆயி கண்டெய்னரு கெளம்பினப்புறம் மிஷின் ரிப்பேர் ஆச்சுக்கா. மிஷினு மேல எப்பிடி பழி போடறது?"

தனபாக்கியம் யோசித்தார். "சந்திரனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்டா" என்றார்.

குழந்தைக்கு உறிஞ்ச முடியவில்லை. உதடு மூடினால்தானே உறிஞ்ச முடியும்? தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள் விஜயகுமாரி. பாதி உள்ளே போகும், மீதி மூக்கு வழியாக வரும். எடை ஏறினால்தான் ஆபரேஷன். ஏறியது. ஐந்தாம் மாதம் உதட்டைத் தைத்தார்கள்.

கட்டுப் பிரித்த அன்று கனகராஜ் மகளின் உதட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். ஒரு மெல்லிய கோடு. அவ்வளவுதான்.

"இந்த டாக்டரு நம்ம லைனுக்கு வந்தாருன்னா என் வேல காலி" என்றான். அவன் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. அண்ணத்தை ஒரு வயது வாக்கில் தைக்க வேண்டும் என்று டாக்டர் தேதி கொடுத்திருந்தார். தேதி நெருங்கும்போது கனகராஜ் ஓவர்டைமைக் காரணம் காட்டினான். ஷிப்மெண்ட் என்றான். தேதி போயே போய்விட்டது. கடைசியில் நிஜத்தைச் சொன்னான்.

"அதான் மொகம் ஏ கிரேடு ஆயிடுச்சே. உள்ள லைனிங்க யாரு பாக்கப் போறாங்க?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இருபது வருஷமாக மேல்தோலைப் பார்த்தே சோறு தின்றவன். வெளியே பளபளத்தால் பாஸ் என்பது அவன் கண்டறிந்த உலக உண்மை. இந்த நாட்டில் அதை மறுக்க ஆள் தேடுவதும் கஷ்டம்.

விஜயகுமாரி பால் துடைத்த துணியை அலசிக்கொண்டே கேட்டாள்: "லைனிங் கிழிஞ்ச ஷூவ நீங்க போட்டு நடந்து பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"நடந்து பாருங்க."

அவன் நடக்கவில்லை. ஆனால் குழந்தை பேச ஆரம்பித்தாள். அம்மாவைப் பார்த்தால் "ம்மா". இவனைப் பார்த்தாலும் "ம்மா". ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த சூப்பர்வைசர் உமர் ஃபாரூக் காதில் அது விழுந்தது. திங்கட்கிழமை லைன் முழுக்க அவனைக் கனகராஜம்மா என்று கூப்பிட்டது.

கனகராஜ் அந்தக் கோபத்தோடு, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் போய் முறையிட்டான். "நான் ஆம்பளன்னு இவளுக்கு எப்ப மேடம் தெரியும்?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. சின்னக் கண்ணாடி ஒன்றைக் குழந்தையின் மூக்குக்குக் கீழே பிடித்தார். தமிழினி அவனைப் பார்த்து உற்சாகமாக "ம்மா, ம்மா" என்றாள். கண்ணாடியில் ஆவி படர்ந்தது.

"பாத்தீங்களா? வாய்க்குள்ள காத்த அடைச்சு வெச்சு விட்டாத்தான் 'ப' வரும். இவளுக்கு மேல ஓட்டை, காத்து மூக்கு வழியா போயிடுது. அவ அப்பான்னுதான் சொல்றான்னு நெனைக்கிறேன். வெளிய வரும்போது அம்மான்னு வருது."

கனகராஜ் கண்ணாடியை வாங்கித் துடைத்து, தானே பிடித்துப் பார்த்தான். மறுபடி ஆவி.

"லேட்டா தைச்சா?"

"தப்பாப் பேசறதே பழகிடும். அப்புறம் அத மறக்கடிக்கறது பெரும்பாடு. காதுலயும் நீர் கோத்துக்கும், கேக்கறது கம்மியாகும். நீங்க ஒரு தேதிய விட்டுட்டீங்கன்னு எழுதியிருக்கு. இன்னொண்ண விட்டுடாதீங்க."

அவன் விடவில்லை. அன்றே புதுத் தேதி வாங்கினான். அக்காவுக்குப் போன் பண்ணியதுதான் வினை.

"ரெண்டாவது வாட்டி கத்தி வெக்கப் போறீங்க, கொலதெய்வத்துக்கு முடி எறக்காமயா? நாயித்துக்கெழம வாங்க. எறக்கிட்டு நீ எங்க வேணா கூட்டினு போ."

ஞாயிறு மொட்டை, செவ்வாய் அட்மிஷன், புதன் ஆபரேஷன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நாட்றம்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரைக் கோயிலில் தமிழினிக்கு முடி இறக்கினார்கள். போர்வெல் தண்ணீரைக் குடத்தில் பிடித்து மொட்டைத் தலையில் ஊற்றினார்கள். சுற்றிலும் மூக்கொழுகும் சொந்தக்காரப் பிள்ளைகள் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆளுக்கொரு முத்தமும் கொடுத்தார்கள். விஜயகுமாரி குழந்தைக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்த நேரம் தனபாக்கியம் தம்பியைச் சன்னதிக்கு இழுத்துப் போனார். தட்டில் சூடம் எரிந்தது.

"ஏற்கெனவே ஒரு வாட்டி தள்ளிப் போச்சு. இந்த வாட்டியும் தள்ளிப் போச்சுன்னா சாமிக்கு இஷ்டம் இல்லன்னு அர்த்தம். அப்புறம் நீ புள்ளய கத்திக்குக் கூட்டினு போவக் கூடாது. சத்தியம் பண்ணு."

தள்ளிப் போகாது என்ற தைரியத்தில் கனகராஜ் எரிகிற சூடத்தின் மேல் வலது கையால் ஓங்கி அடித்தான். சூடம் அணைந்தது. கையில் கரி ஒட்டியது.

வெளியே தமிழினி தும்மினாள்.

"நல்ல சகுனம்" என்றார் தனபாக்கியம்.

திங்களன்று நல்ல சகுனம் மூக்கு வழியாக ஒழுக ஆரம்பித்தது. சாயங்காலம் உடம்பு சுட்டது. "மொட்டை போட்டா ஒரு நாள் அப்பிடித்தான் இருக்கும்" என்று விஜயகுமாரியிடம் சொல்லிவிட்டு, கடைக்குப் போய்ச் சொட்டு மருந்து வாங்கி வந்தான். அவளுக்குத் தெரியாமல் கொடுத்தான். சூடு இறங்கியது. "பாத்தியா, சரியாயிடுச்சு" என்றான். செவ்வாய்க்கிழமை அட்மிஷன் நேரத்துக்குள் மூக்கை உப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்து, முகத்தைக் கழுவி, பவுடர் போட்டு, புதுக் கவுன் மாட்டி ஜோராகத் தயார் செய்திருந்தான். ஷிப்மெண்ட் போகும் ஜோடி கூட அவ்வளவு நேர்த்தியாக இருந்ததில்லை.

வார்டு சிஸ்டர் காய்ச்சல் பார்த்தார். இல்லை. பிறகு கேட்டார்: "சளி, இருமல், காய்ச்சல், கடைசி ஒரு வாரத்துல எதுனா? மறைக்காம சொல்லுங்க. சளியோட மயக்கம் குடுத்தா மூச்சு அடைச்சிடும்."

விஜயகுமாரி வாயைத் திறப்பதற்குள் கனகராஜ் சொல்லிவிட்டான். "ஒண்ணும் இல்ல சிஸ்டர். லேசா மூக்கு, மொட்ட போட்டதால. அதுவும் நின்னுடுச்சு."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் குழந்தையின் கவுன் நாடாவைச் சரி செய்தான்.

புதன்கிழமை பொழுது விடியும் நேரத்தில் குழந்தை மறுபடி சுட்டாள். பசி வேறு, எதுவும் கொடுக்கக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். விஜயகுமாரி முகம் கழுவப் போன சமயம் பார்த்து, இவன் திரைக்குப் பின்னால் நின்று மகளின் வாயில் மருந்தைச் சொட்டினான். குழந்தையின் நெஞ்சில் கை வைத்தபோது உள்ளே ஏதோ உரசியது. எண்ணெய் போடாத தையல் மிஷின் அப்படித்தான் உரசும். அவன் கையை எடுத்துவிட்டான்.

பிறகு பச்சை உடுப்பு மாட்டிய விஜயகுமாரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மயங்கும் வரை தாய் கூட இருக்கலாம் என்று அனுமதி. கதவு மூடியது. அவன் நாற்காலிக்கு வந்தான். பாட்டில் சட்டைப் பையில் இருந்தது. ஈரம் படர்ந்தது.

போன் அதிர்ந்தது. அக்கா.

"இன்னாடா கனகு, உள்ள போச்சா?"

"போச்சுக்கா."

"தடங்கல் ஒண்ணும் இல்லியே?"

"இல்லக்கா."

"அன்னிக்குத் தும்முச்சே, நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"கொரலு இன்னாடா கிணத்துக்குள்ளேர்ந்து வருது? தகிரியமா இரு. தடங்கல் வந்திருந்தாத்தான் பேஜாரு, சூடத்துல அடிச்சிருக்கியே."

போனை வைத்தான். கையை விரித்துப் பார்த்தான். கரி முழுக்கப் போகவில்லை. ரேகைகளுக்குள் கறுப்பாகத் தங்கியிருந்தது. ஷூவுக்கு அடிக்கிற கறுப்புக் கலர் மாதிரிதான் இருந்தது. எதைத் தொட்டாலும் மூடுகிற கை.

வாயைத் திறந்தால் ஆபரேஷன் நின்றுவிடும். நின்றால் சத்தியம். சத்தியம் என்றால் இனி எப்போதுமே இல்லை. தமிழினி பெரியவளாகி, பள்ளிக்கூடத்தில் பேர் கேட்டால் மூக்கால் சொல்லி, நாலு பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிக்கும்.

வாயைத் திறக்காவிட்டால்?

டச்-அப் வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. மெழுகு கப்பலேறும் வரை தாங்கினால் போதும். அதற்கப்புறம் சரக்கு யாரோ ஒருத்தன் காலில் போய்ச் சேரும், இவன் அந்தக் காலைப் பார்க்கப் போவதில்லை. இங்கே சரக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர்கள் வேறு யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. இவனிடம்தான் திருப்பித் தருவார்கள். தருவதாக இருந்தால்.

மூச்சு அடைச்சிடும். சிஸ்டர் அதை உரக்கக்கூடச் சொல்லவில்லை. உப்பு கம்மி என்பது போலச் சொன்னார்.

எழுந்தான். தியேட்டர் கதவருகே நிற்கும் ஊழியர் சுப்பராயன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போணும்ண்ணா."

"ஒக்காருப்பா. எல்லா அப்பனும் இப்பிடித்தான் எழுந்து எழுந்து நிப்பான். யாரும் உள்ள போவக் கூடாது."

"டாக்டரு கிட்ட ஒரு விசயம் சொல்லணும்."

"முடிஞ்சதும் அவங்களே வெளிய வருவாங்க, சொல்லு."

"முடிஞ்சப்புறம் சொல்ற விசயம் இல்லண்ணா!" பயத்தில் அவன் வாய்க்குக் கம்பெனி பாஷைதான் வந்தது. "சரக்குல டிபெக்ட் இருக்குது. நான்தான் மறச்சிட்டேன். ரிஜெக்ட் பண்ணச் சொல்லுங்க. லைன நிறுத்தச் சொல்லுங்க."

சுப்பராயன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சரக்கு? காலையிலயே போட்டுட்டு வந்திருக்கியா?"

"என் பொண்ணுண்ணா! தமிழினி! அதுக்கு நெஞ்சு சளி. காய்ச்சலு. மருந்து குடுத்து மறச்சிட்டேன். மயக்கம் குடுத்துடப் போறாங்க, ஓடுங்கண்ணா!"

நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒரு பெண் "அடப்பாவி" என்றாள், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. சுப்பராயன் டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினார். கதவு அடித்து ஆடியது. மூடிக்கொண்டது.

கனகராஜ் கதவில் நெற்றியை வைத்து நின்றான். உள்ளே ஏதோ ஒரு மிஷின் டிக் டிக் என்றது. குழந்தை அழும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினான். கேட்கவில்லை. பதினாலு மாதமாக, அழாதே என்று மகளைக் கெஞ்சியவன், ஒரே ஒரு வாட்டி அழு என்று கதவோடு கெஞ்சினான். காலுக்குக் கீழே டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது. மயக்க மருந்து டாக்டர், தலையில் பச்சைக் குல்லாய், முகக்கவசம் கழுத்தில்.

"நீங்கதான் தமிழினி அப்பாவா?"

"நிறுத்திட்டீங்களா மேடம்?"

"நாங்க ஆரம்பிக்கவே இல்ல. உங்க மனைவி உள்ள வந்து ரெண்டாவது வார்த்தையே அதான் சொன்னாங்க. நெஞ்சு கேட்டுப் பாத்தேன், சத்தம் இருக்கு. கேன்சல் பண்ணியாச்சு."

கனகராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டான். "அவளுக்குத் தெரியாதே மேடம்."

"குழந்தை வாயில ஆரஞ்சு வாசனையாம்." டாக்டர் கையை நீட்டினார். "குடுங்க அந்த பாட்டில. எப்ப குடுத்தீங்க, எவ்ளோ குடுத்தீங்க?"

சொன்னான். அவர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் அவனையும் அப்படியே பார்த்தார்.

"நாங்க தைக்கப் போற இடம் மூச்சு போற வழி. சளி இருக்கும்போது அந்தக் குழாய் சும்மாவே சிடுசிடுன்னு இருக்கும், தொட்டா சுருங்கிக்கும். அதுக்கு மேல தையல், வீக்கம். இவ்ளோ சின்னக் குழந்தைக்கு அதைத் தாங்க இடமே இல்லைங்க. நான் கண்டுபிடிச்சிருப்பேன்னுதான் நெனைக்கிறேன். ஆனா நெனைக்கிறேன்ங்கறத நம்பி நீங்க உங்க பொண்ண அனுப்பக் கூடாது." பிறகு குரல் இறங்கியது. "வந்து சொன்னீங்க இல்ல, அது போதும். நெஞ்சு நல்லா தெளியட்டும், ஒரு மாசம் கழிச்சு வாங்க."

விஜயகுமாரி குழந்தையோடு வெளியே வந்தாள். தமிழினி பசியில் அவள் தோளைச் சப்பிக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் வெடித்துத் திட்டுத் திட்டாக இருந்தது. அப்பனைப் பார்த்ததும் கையை நீட்டி "ம்மா" என்றாள். பின்னாலேயே ஒரு இருமல்.

வராந்தாவின் கடைசிவரை நடந்தார்கள். ஜன்னலோரம் வந்ததும் கனகராஜ் கேட்டான்.

"தெரிஞ்சப்பவே என்னண்ட ஏன் கேக்கல?"

"கேட்டா இல்லன்னுவீங்க. டச்-அப் ஆளக் கேட்டுக்கினுதான் செக்கரு ஸ்டிக்கர் ஒட்டுவாளா?"

"எப்ப கண்டுபுடிச்ச?"

"பச்ச டிரஸ்ஸு மாத்தறப்ப மோந்து பாத்தேன். நேத்தே சந்தேகம். நீங்க சிஸ்டர் மொகத்தப் பாக்காம கவுன் நாடாவப் பாத்துப் பேசனீங்க." அவள் அழுதாள்; இவ்வளவு நேரம் இறுக்கி வைத்திருந்தது இப்போதுதான் அவிழ்ந்தது. "இன்னா மனுசங்க நீங்க? ஷூவா இது?"

அவன் கையை விரித்துக் காட்டினான். சன்னதி, சூடம், அக்கா, சத்தியம் எல்லாவற்றையும் சொன்னான். இனிமேல் கூட்டிக்கொண்டு வர முடியாது என்று சொல்லும்போது வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான்.

விஜயகுமாரி அழுகையை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டாள். குறை எங்கே என்று தேடும் செக்கரின் முகம்.

"சத்தியம் இன்னான்னு பண்ணீங்க? வார்த்தைக்கு வார்த்த சொல்லுங்க."

"தள்ளிப் போனா புள்ளய நான் கத்திக்குக் கூட்டினு போவ மாட்டேன்னு."

"நான்னு சொன்னீங்களா, நாங்கன்னு சொன்னீங்களா?"

"நான்னுதான்."

"சூடத்துல அடிச்சது யாரு கை?"

"என்னுது."

"அப்ப நீங்க கூட்டினு வராதீங்க" என்றாள். "நான் கூட்டினு வர்றேன்."

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இம்முறை விஜயகுமாரி குழந்தையைச் சொந்தக்காரர் எவர் கண்ணிலும் காட்டவில்லை. யாராவது தும்மினால் கதவைச் சாத்தினாள். ஆம்பூரிலிருந்து வேலூர் பஸ்ஸில் குழந்தை அவள் மடியில். கனகராஜ் பின் சீட்டில், தெரியாத ஆள் மாதிரி, இரண்டு பைகளோடு. சிஸ்டர் சளி உண்டா என்று கேட்டபோது அவன் முந்திக்கொண்டு, போன வாரம் ஒரு நாள் குழந்தை ஒரு தடவை கொட்டாவி விட்டது முதற்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். சிஸ்டரே போதும் என்றார்.

கதவு மூடியது. விஜயகுமாரி கொஞ்ச நேரத்தில் தனியாக வெளியே வந்தாள். அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சுப்பராயன் கேட்காமலே இரண்டு டீ வாங்கி வந்து வைத்தார். இரண்டிலும் ஆடை படிந்தது.

வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் தளம் போட்டாகிவிட்டது.

அன்று சாயங்காலமே போன் வந்தது. "டேய், சத்தியம் இன்னாடா ஆச்சு?"

"நான் எங்கக்கா கூட்டினு போனேன்? குமாரி கூட்டினு போனா. நான் பை தூக்கினு போனேன்."

மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. தனபாக்கியத்தின் வாழ்நாளில் அது ஒரு சாதனை. "நெய்யற வூட்டுப் பொண்ணு" என்றார் கடைசியில். "இழ எங்க இருக்குன்னு பாத்து இழுத்திருக்கா." திட்டினாரா, மெச்சினாரா என்பது இன்றுவரை தெரியவில்லை.

தையல் ஆறும் வரை குழந்தை வாயில் விரலை விடக் கூடாது. முழங்கை மடங்காமல் இருக்க அட்டை வைத்த உறை ஒன்றை இரண்டு கையிலும் மாட்டிவிட்டார்கள். ஓரம் உரசிக் குழந்தையின் தோல் சிவந்தது. கனகராஜ் கம்பெனியில் கழித்த துண்டுகளில் ஆட்டுத்தோல் லைனிங்காகப் பார்த்துப் பொறுக்கி வந்து, உறைக்கு உள்பக்கம் பொறுமையாக வைத்துத் தைத்தான். வெளிப்பக்கம் கோணல் மாணலாக இருந்தது.

"மேல கேவலமா இருக்குதே" என்றாள் விஜயகுமாரி.

"மேல யாரு பாக்கப் போறாங்க?" என்றான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்திருப்பாள்.

பால் மூக்கில் வருவது நின்றது. ஆனால் "ம்மா" நிற்கவில்லை. தைத்துவிட்டால் மட்டும் பேச்சு வந்துவிடாது, புது அண்ணத்தை வைத்துப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும், பழக்குங்கள் என்று பேச்சுப் பயிற்சிப் பெண் சொல்லி அனுப்பினார். மெல்லிய காகிதத்தை வாய்க்கு முன்னால் பிடித்து "பா" சொல்ல வேண்டும்; காற்று வாய் வழியாக வந்தால் காகிதம் ஆடும். மெல்லிய காகிதத்துக்கு ஆம்பூரில் என்ன பஞ்சம்? ஷூவுக்குள் சுருட்டி அடைக்கிற வெள்ளைக் காகிதத்தை உமர் ஃபாரூக்கே பேக்கிங் செக்ஷனிலிருந்து ஒரு கட்டு கொடுத்தார். "கனகராஜம்மா, சீக்கிரம் பேர மாத்திக்கோப்பா, எங்களுக்கும் போரடிக்குது" என்றார்.

தினமும் வேலை விட்டு வந்ததும் மகளை எதிரே உட்கார வைத்துக் காகிதத்தைப் பிடிப்பான். "பா. அப்பா. பா." அவன் சொன்னால் காகிதம் படபடக்கும். அவள் சொன்னால் அசையாது. "ம்மா" என்று சிரிப்பாள். மாதங்கள் போயின. "வருமா?" என்று ஒருநாள் கேட்டான். விஜயகுமாரி, "எனக்கும் தெரியல" என்றாள்.

அன்றைக்குத் தமிழினி ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தாள். முக்கியமான வேலை. கனகராஜ் வழக்கம்போல் காகிதத்தோடு வந்து முகத்துக்கு முன்னால் நீட்டினான். "அப்பா சொல்லு. பா." அவள் தலையைத் திருப்பினாள். அந்தப் பக்கமும் காகிதம் வந்தது. "கண்ணு இல்ல, ஒரே ஒரு வாட்டி. பா."

தமிழினி மூடியைக் கீழே வைத்தாள். அப்பனை முழுசாக ஒரு முறை பார்த்தாள்.

"போ" என்றாள்.

காகிதம் ஆடியது.